கேம்பில் கார் சார்ஜ் ஏறவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

போயா லீவு வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் போதும், வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பும் கார்களுக்குக் குறைவில்லை. கித்துல்கல ஆற்றோரம், பெலிஹுல்ஓயா, றிவர்ஸ்டன், கற்பிட்டி. அதில் இப்போது மின்சாரக் கார்களும் சேர்ந்துவிட்டன. 2020 இறக்குமதித் தடைக்கு முன் ஜப்பானிலிருந்து வந்த பழைய நிஸான் லீஃப்கள் ஒரு பக்கம், 2025 இல் தடை நீங்கிய பிறகு வந்த பீவைடி போன்ற புதியவை இன்னொரு பக்கம். கேம்ப்காரரைக் கேட்டால் "சார்ஜ் பண்ணலாம், பிளக் இருக்கு" என்றுதான் சொல்வார். பிளக் இருக்கும். அந்தப் பிளக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதில்தான் சிக்கலே.

வழியில் உள்ள வேகச் சார்ஜர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. கேம்ப் சுவரில் இருக்கும் சாதாரணப் பிளக் பொயின்டில், காரோடு வந்த கேபிளைச் செருகி, இரவு முழுக்க மெதுவாக ஏற்றுகிறோமே, அதைப் பற்றித்தான். கொழும்பில் வீட்டில் ஒழுங்காக ஏறிய கார் கேம்பில் மட்டும் முரண்டு பிடித்தால், காரைச் சந்தேகிக்க முன் சுவரைச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

ஒரு விஷயத்தை முதலில் விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். கேபிளின் நடுவே தொங்கும் பெட்டி சார்ஜர் அல்ல. உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. பெட்டி ஒரு காவல்காரன். வோல்டேஜ் சரியா, எர்த் (கசியும் கரண்டை நிலத்துக்கு இறக்கும் வயர்) இருக்கிறதா, கரண்ட் எங்காவது கசிகிறதா என்று பார்த்துவிட்டு, "இத்தனை அம்பியர் வரை எடுக்கலாம்" என்று காருக்குச் சொல்லும். திருப்தியில்லை என்றால் கதவைத் திறக்காது. ஆகவே பெட்டி மறுக்கும்போது அது பழுதாகவில்லை, பெரும்பாலும் தன் வேலையைத்தான் செய்கிறது.

பெட்டியில் ஒரு லைட்டும் இல்லை

கரண்ட் வரவில்லை, அவ்வளவுதான். பிளக் பொயின்டின் சுவிட்சைப் போட்டீர்களா? கேம்ப்களில் வெளிப்பிளக்குகளுக்குச் சமையலறைக்குள் தனியாக ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள், பகலில் அதை அணைத்தும் வைப்பார்கள். அப்புறம் உங்கள் பிளக்குக்குள் இருக்கும் 13 அம்பியர் பியூஸ் போயிருக்கலாம். பியூஸ் ஒன்றிரண்டு காரில் கிடக்கட்டும். பெரிய விலையில்லை, ஆனால் இரவு பத்து மணிக்குக் காட்டுக்குள் எந்தக் கடையும் திறந்திருக்காது.

பெட்டி சிவப்புக் காட்டுகிறது, ஆனால் அதே பிளக்கில் போன் சார்ஜ் ஆகிறது

அதிகம் வருவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். போனுக்கு எர்த் தேவையில்லை. அதன் சார்ஜருக்கு இரண்டு வயர் போதும். காருக்கு மூன்றாவது வயர் கட்டாயம். "போன் ஏறுது, அப்போ பிளக் சரி" என்று கேம்ப் பையன் அடித்துச் சொல்வதை நம்பிக் காரைக் கராஜுக்குக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள்.

எர்த் ஏன் இல்லாமல் போகிறது? நம் ஊரில் பழைய உருண்டைப் பிளக்கும் புதிய சதுரப் பிளக்கும் நெடுங்காலம் கலந்தே இருந்தன. சதுரத் துளையில் இரண்டு கால் பிளக்கைச் செருக என்ன செய்வோம் என்று எல்லோருக்கும் தெரியும்: மேலே உள்ள எர்த் துளைக்குள் பேனா மூடியையோ ஈர்க்குத் துண்டையோ அழுத்தினால் கீழே உள்ள இரண்டு துளைகளின் மூடி திறக்கும், அந்த இடைவெளியில் பிளக்கைத் திணிப்போம். பல வருடம் இப்படிச் செய்த பிளக் பொயின்டில் எர்த் தகடு விரிந்துபோய்விடும். உங்கள் பிளக்கின் எர்த் கால் உள்ளே போகும், ஆனால் எதையும் தொடாது. சில இடங்களில் ஈர்க்கின் நுனி உடைந்து உள்ளேயே இருக்கும். பிளக் முழுதாக உட்காராமல் ஒரு நூல் இடைவெளி தெரிந்தால் டோர்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொரு காரணம் மண். இலங்கையில் வீட்டுக்கு வீடு தனியாக ஒரு எர்த் கம்பியை நிலத்தில் அடித்து அதில்தான் எர்த் எடுக்கிறோம். அந்தக் கம்பி எவ்வளவு நல்ல மண்ணில், எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு ஈரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எர்த்தின் தரம். கித்துல்கலவில் எப்போதும் ஈரம், கவலையில்லை. கற்பிட்டி மணலில், அதுவும் ஓகஸ்ட் வெயிலில், கம்பி இருந்தும் இல்லாத மாதிரித்தான். கம்பியைச் சுற்றி இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி செருகினால் பெட்டி பச்சைக்கு மாறுவது உண்டு. அப்படி மாறினால் நோய் என்ன என்று தெரிந்துவிட்டது. ஆனால் அது தற்காலிக வைத்தியம். மணல் காய்ந்ததும் பெட்டி மறுபடி சிவக்கும். நிரந்தரத் தீர்வு, வயரிங் பாஸ் (மின் வேலைக்காரர்) வந்து இன்னும் ஆழமாகவோ கூடுதலாகவோ கம்பி அடிப்பதுதான்.

எப்படிச் சோதிப்பது? செருகினால் மூன்று லைட் எரியும் சின்ன சொக்கெட் டெஸ்டர் ஒன்று புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடினால் கிடைக்கும். கரண்ட் வரும் லைவும் அது திரும்பிப் போகும் நியூட்ரலும் மாறியிருந்தாலோ எர்த் வயர் அடியோடு இல்லை என்றாலோ அது காட்டிக்கொடுக்கும். ஆனால் எர்த் பலவீனமா பலமா என்று அதற்குத் தெரியாது. மல்டிமீற்றர் பிடித்துப் பழகியவர்கள் மூன்று அளவு எடுங்கள்: லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 அளவு, லைவுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஓரிரு வோல்ட். லைவுக்கும் எர்த்துக்கும் இடையில் 90, 110 என்று மிதந்தால் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. பழகாதவர்கள் மீற்றரைத் தொட வேண்டாம். வேறு பிளக்கைத் தேடுங்கள். சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி செருகியிருக்கும் பிளக்குக்கு வேறு பக்கமாக வயர் போயிருக்கும், ஆகவே அதில் ஒருமுறை முயன்று பாருங்கள்.

இந்த இடத்தில் யாராவது ஒரு "ஐடியா" சொல்வார். எர்த் காலையும் நியூட்ரல் காலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால் பெட்டி ஏமாந்துவிடும் என்று. ஏமாறும், உண்மைதான். ஆனால் அந்த நியூட்ரல் வழியில் எங்காவது அறுந்தால் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறக்கப்போவது உங்கள் பிள்ளைதான். அந்த வேலை வேண்டவே வேண்டாம். சார்ஜ் இல்லாமல் ஒரு இரவு போனால் பாதகமில்லை.

ஜெனரேட்டரில் செருகினால் மறுக்கிறது, சோலாரிலும் அப்படியே

சின்னப் பெற்றோல் ஜெனரேட்டரில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்காது, இரண்டும் மிதக்கும். பெட்டி அதை எர்த் இல்லை என்றே படிக்கும். மேலே வேண்டாம் என்ற அதே இணைப்பை ஜெனரேட்டரின் முனையிலேயே, எர்த் கம்பியோடும் ட்ரிப் சுவிட்சோடும் முறையாகச் செய்வது சரியான வேலை. ஆனால் அது வயரிங் பாஸின் வேலை, உங்களுடையதல்ல. அதைச் செய்தாலும் 2 கிலோவாட் ஜெனரேட்டரில், 10 அம்பியரில் 2.3 கிலோவாட் இழுக்கும் கார் ஏறாது. ஐந்து கிலோவாட் அளவு இருந்தால்தான் வோல்டேஜ் ஆடாமல் நிற்கும். அதைவிட, 2022 இல் பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்ற ஊரில், பெற்றோலை எரித்து மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏற்றுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்புத்தான் வரும். அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சோலாரில் இயங்கும் கேம்ப்களில் வேறு கணக்கு. அங்கே இன்வேட்டர் பற்றரியில் ஓடும்போது நியூட்ரல் மிதப்பது ஒரு காரணம்; சில இன்வேட்டர்களில் அதற்கென்றே ஒரு செட்டிங் இருக்கிறது, பொருத்தியவர் அதைப் போடாமல் விட்டிருப்பார். மலிவு இன்வேட்டர்களின் கரடுமுரடான அலையைக் காரின் சார்ஜர் ஏற்றுக்கொள்ளாதது இன்னொன்று. எல்லாம் சரியாக இருந்தாலும் பற்றரியின் கொள்ளளவைக் கேளுங்கள். இப்போது பரவலாகப் போடும் 48 வோல்ட் 100 அம்பியர்-மணி லிதியம் பற்றரி ஒன்றில் இருப்பது சுமார் 5 யூனிட். உங்கள் கார் அதை இரண்டரை மணித்தியாலத்துக்குள் குடித்துவிடும், அப்புறம் கேம்ப் முழுக்க இருட்டு. சோலார் இடமென்றால் காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் மூன்று வரை, வெயில் இருக்கும்போது, குறைந்த அம்பியரில் மட்டும்.

தேசியப் பூங்காக்களுக்குள் வனசீவராசிகள் திணைக்களம் வைத்திருக்கும் கூடாரத் தளங்களில் பிளக் தேடிக் களைக்க வேண்டாம். அங்கே போவதென்றால் வெளியே ஏற்றிக்கொண்டு உள்ளே போவதே வழி.

ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

எது விழுந்தது என்று போர்டைப் பாருங்கள். அதில்தான் விடை இருக்கிறது. சோதனை பொத்தானோடு கொஞ்சம் அகலமாக இருப்பது கசிவைப் பிடிக்கும் ட்ரிப் சுவிட்ச். வரிசையாக ஒல்லியாக நிற்பவை அளவு மீறிய கரண்டைப் பிடிப்பவை.

அகலமானது விழுந்தால் கசிவு. ஆனால் கசிவது உங்கள் கார் என்று முடிவுகட்ட வேண்டாம். பொதுவாக 30 மில்லி அம்பியரில் விழ வேண்டிய அந்தச் சுவிட்ச் 15ஐத் தாண்டினாலே விழலாம். பழைய தண்ணீர்ச் சூடாக்கி கொஞ்சம் கசியும், குளிர்சாதனப் பெட்டி கொஞ்சம், மழையில் நனைந்த தோட்ட லைட் இன்னும் கொஞ்சம். சுவிட்ச் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும். நீங்கள் செருகியதும் விழும், பழி உங்கள் மேல் வரும். கேம்ப்காரரின் அனுமதியோடு ஒல்லிச் சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு உங்கள் பிளக்குக்கு உரியதை மட்டும் ஏற்றிச் சார்ஜ் போடுங்கள். நின்றால் கார் நிரபராதி. பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. தோட்ட லைட்டாக இருக்கவே சாத்தியம் அதிகம். எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் விழுந்தால், கேபிளின் கார் முனையையும் பெட்டியையும் ஈரம் பாருங்கள், துடைத்துக் காயவிடுங்கள். காய்ந்த பிறகும் அப்படியே என்றால் அன்று சார்ஜ் இல்லை. கொழும்புக்கு வந்து காரையும் கேபிளையும் காட்டுங்கள்.

ஒல்லியானது விழுந்தால் பாரம். செருகிய உடனே விழுவதில்லை. கொஞ்ச நேரம் தாங்கி, யாரோ கேத்தலைப் போட்டதும் விழும். 16 அம்பியர் சுவிட்சில் கார் 10, கேத்தல் 9 என்றால் எவ்வளவு நேரம் தாங்கும்? முழுக் கேம்புமே 30 அம்பியர் ஒற்றைப் பேஸ் இணைப்பில் ஓடினால் மொத்தம் 6.9 கிலோவாட்தான், இரண்டு அறைகளில் சுடுதண்ணீர் ஷவரைத் திறந்தாலே அது முடிந்துவிடும். பெட்டியில் அம்பியர் குறைக்கும் பொத்தான் இருந்தால் 8க்கோ 6க்கோ இறக்குங்கள், இல்லையென்றால் எல்லோரும் குளித்துச் சாப்பிட்டு முடியும்வரை பொறுங்கள். சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவதும், "பெரிசாப் போடுவம்" என்று 32 அம்பியர் சுவிட்ச் மாற்றுவதும் சுவருக்குள் இருக்கும் வயரை எரிப்பதற்குச் சமம்.

இடி மழைக்கு வேறு விதி இல்லை: மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் இருண்டால் கேபிளைக் கழற்றிக் காருக்குள் போட்டுவிடுங்கள். சாதாரண மழையில் கார் முனை நனைந்தால் பிரச்சினை இல்லை, அதற்காகவே செய்தது. பயப்பட வேண்டியது சுவர்ப் பக்கத்துக்கு. பிளக்கும் பெட்டியும் கூரைக்குக் கீழே, நிலத்திலிருந்து உயரமாக இருக்கட்டும். பெட்டியைப் பொலித்தீன் பையால் இறுக்கிக் கட்டிவிடாதீர்கள், சூடு வெளியேற வழி இருக்காது.

பிளக் சுடுகிறது, பிளாஸ்டிக் மணம் வருகிறது

மணம் வந்தால் மற்றதைப் பிறகு படிக்கலாம். சுவரில் சுவிட்சை அணையுங்கள், பிறகு கழற்றுங்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கணக்கால் சொல்லிவிடலாம். வழியில் 10 வோல்ட் விழுந்து, 10 அம்பியர் போனால், 100 வாட் எங்கோ வெப்பமாகிறது. அது ஐம்பது மீற்றர் வயரில் பரவினால் தெரியாது. ஒரே ஒரு தளர்ந்த திருகாணியில் விழுந்தால், பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பிளக் பொயின்டுக்குள் அடைத்து இரவு முழுக்க எரியவிட்ட மாதிரி. கேத்தல் மூன்று நிமிடத்தில் நின்றுவிடுவதால் அந்தப் பலவீனம் வெளியே தெரியாது. கார் எட்டு மணித்தியாலம் இழுக்கும்போது தெரிந்துவிடும்.

ஆகவே செருகிய அரை மணித்தியாலம் கழித்து, தூங்கப் போகுமுன், பிளக்கின் முதுகில் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் நிறுத்துங்கள். கழற்றியதும் கால்களைப் பாருங்கள்: ஒரு கால் மட்டும் பழுப்பேறியிருந்தால் பிளக் பொயின்டின் அந்தப் பக்கத் தகடு தளர்ந்திருக்கிறது, வேறு பொயின்டுக்குப் போங்கள். பியூஸ் இருக்கும் பக்கம் மட்டும் சூடென்றால் உங்கள் பிளக்கின் பியூஸ் பிடி தளர்வு.

ஜப்பான் லீஃப் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். காரோடு வந்த ஜப்பான் கேபிள் 200 வோல்ட், 15 அம்பியருக்குச் செய்தது. இங்கே வந்ததும் ஜப்பான் பிளக்கை வெட்டிவிட்டு யாரோ ஒரு 13 அம்பியர் சதுரப் பிளக்கை மாட்டிக் கொடுத்திருப்பார்கள். கேபிளுக்கு அது தெரியாது. அது காரிடம் 15 அம்பியர் எடுக்கலாம் என்றே சொல்லும், காரும் எடுக்கும். 13 அம்பியர் பியூஸ் உடனே போய்விடும் என்று நினைப்பீர்கள். போகாது, கொஞ்சம் அதிகமான கரண்டை அது மணிக்கணக்காகத் தாங்கும், சூடாகிக்கொண்டே. பஞ்சிகாவத்தைப் பக்கம் உருகிய பிளக்கோடு வரும் லீஃப் கேபிள்களின் கதை இதுதான். அந்தக் கேபிளுக்கு 15 அம்பியர் உருண்டைக் கால் பிளக்கும், அதற்குத் தனி வயர் போன பொயின்டும் வேண்டும். கேம்பில் அப்படி ஒன்று கிடைப்பது அரிது என்பதால், அம்பியரைத் தெரிவுசெய்யக்கூடிய இன்னொரு கேபிள் வாங்கிவைப்பதுதான் புத்தி. லீஃபுக்குள் அம்பியர் குறைக்கும் செட்டிங் கிடையாது. புதிய கார்கள் சிலவற்றில் திரையிலேயே குறைக்கலாம்.

எக்ஸ்டென்ஷன் வயர் போட வேண்டி வந்தால், வயர் கடையில் கேட்க வேண்டிய அளவு 2.5 சதுர மில்லிமீற்றர். சுவருக்குள் போகும் வயரில் இதையே நம் ஊர் பாஸ்மார் 7/0.67 என்பார்கள். 1.5 அளவு வயரில் 50 மீற்றர் தூரத்துக்கு 10 அம்பியர் இழுத்தால் 12 வோல்ட் விழும், 2.5 அளவில் ஏழரையோடு நின்றுவிடும். உருளையில் சுற்றிய வயரென்றால் முழுவதையும் அவிழ்த்துப் போடுங்கள், சுற்றியபடியே விட்டால் உள்ளே உருகும். எந்தப் பிளக்கையும் விழுங்கும் அந்த மலிவு மல்ட்டிப் பிளக், அதில் தொங்கும் இன்னொரு அடப்டர் எதுவும் நடுவில் வேண்டாம். பெட்டியின் பாரம் பிளக்கில் தொங்கவும் கூடாது. ஒரு கயிற்றால் பெட்டியை ஆணியிலோ மரக்கொப்பிலோ கட்டித் தொங்கவிட்டாலே பல சூட்டுப் பிரச்சினைகள் தீரும்.

ஏறிக்கொண்டிருந்தது, இரவு எட்டு மணிக்கு நின்றுவிட்டது

வோல்டேஜ் விழுந்திருக்கும். நம் நாட்டில் வோல்டேஜ் 230, அதிலிருந்து 6 சதவீதம் கூடலாம் குறையலாம் என்பது விதி. அதாவது 216 முதல் 244 வரை. லைனின் கடைசிக் கம்பத்தில் நிற்கும் கேம்பில், ஊர் முழுக்க லைட்டும் டீவியும் போடும் நேரத்தில், அது 195க்கும் போகும். கற்பிட்டிப் பக்கம் நுரைச்சோலை அனல்மின் நிலையம் கூப்பிடு தூரத்தில் 900 மெகாவாட் கொள்ளளவோடு நிற்க, அந்தப் பக்கத் தென்னந்தோப்புக்குள் பின்னேரம் மின்விசிறி ஊர்ந்து சுற்றுவதைப் பார்க்கலாம். பெட்டி தனக்கென்று வைத்திருக்கும் எல்லைக்குக் கீழே போனதும் நிறுத்திவிடும்.

செருகினால் வோல்டேஜ் காட்டும் சின்ன டிஸ்பிளே ஒன்றைப் பக்கத்துத் துளையில் போட்டுப் பாருங்கள். கார் ஏறாதபோது 225, ஏறும்போது 205 என்றால் வயரிங் ஒல்லி, அம்பியரைக் குறைத்தால் தீரும். ஏறாதபோதே 200 என்றால் லைனே அப்படித்தான், காத்திருக்க வேண்டும். நேரவாரி மின்கட்டணத்தில் உச்ச நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. கட்டணத்தைவிட நமக்கு இங்கே முக்கியம், நாடு அதிகமாக இழுக்கும் நேரம் அது என்பதுதான். 10.30க்குப் பிறகு சார்ஜ் போடுங்கள், விடியும்வரை நிம்மதியாக ஏறும்.

கரண்ட் போய் வந்த பிறகு ஏறவில்லை என்றால் அது வேறு. சில பெட்டிகள் தானாகத் தொடரும், சில கழற்றிச் செருகும்வரை அப்படியே நிற்கும். உங்களுடையது எந்த வகை என்று வீட்டிலேயே மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்துவையுங்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறையில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியதாகச் சொன்னார்களே, அந்த மாதிரி நாளில் கேம்பில் மாட்டினால் இது தெரிந்திருப்பது உதவும்.

பெட்டி பச்சை, கார் மட்டும் ஏறவில்லை

இப்போதுதான் காரின் முறை. லீஃபில் டாஷ்போர்டின் மேல் மூன்று நீல லைட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தால் டைமர் போட்டிருக்கிறது; வீட்டில் நள்ளிரவுக்கு வைத்தது கேம்புக்கும் வந்திருக்கிறது. உடனடிச் சார்ஜ் பொத்தானை அழுத்திவிட்டுச் செருகுங்கள்.

கார் முற்றிலும் செத்துக் கிடந்தால் 12 வோல்ட் பற்றரி. பெரிய பற்றரியில் எவ்வளவு இருந்தாலும் சின்னது இல்லாமல் கார் விழிக்காது, சார்ஜையும் ஏற்காது. கூடாரத்து லைட்டையும் மினிக் குளிர்பெட்டியையும் 12 வோல்ட் சொக்கெட்டில் போட்டுவிட்டுக் காரை முழுதாக ஓன் பண்ணாமல் வைப்பவர்களுக்கு இது வரும். பக்கத்துக் காரிலிருந்து ஜம்ப் வயர் போட்டால் எழுந்துவிடும், அப்புறம் வழமைபோல் சார்ஜ் போடலாம்.

கடற்கரைக் கேம்பென்றால் லீஃப் கேபிளின் கைபிடியில் இருக்கும் பொத்தானை நாலு தடவை அழுத்திப் பாருங்கள். கைபிடி காரில் இருக்கும்போது அந்தப் பொத்தான் அழுந்தியிருந்தால், நீங்கள் கழற்றப்போகிறீர்கள் என்று கார் நினைத்துச் சார்ஜை நிறுத்தும். மணல் புகுந்து பொத்தான் பாதியில் மாட்டிக்கொண்டால் கதை அதேதான். ஊதி, உதறி, துணியால் துடையுங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம், மணல் இன்னும் ஒட்டும்.

காலையில் எதிர்பார்த்த அளவு இல்லை

பிழையே இல்லாமலும் இது நடக்கும். 10 அம்பியரில் சுவரிலிருந்து எடுப்பது 2.3 கிலோவாட், பற்றரிக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய 2. இரவு பத்து முதல் காலை ஆறு வரை 16 யூனிட். லீஃபுக்குச் சமதரையில் தொண்ணூறு சொச்சம் கிலோமீற்றர். அறுபது யூனிட் பற்றரியுள்ள புதிய காரில் அதே 16 யூனிட் கால்வாசிதான். அதைப் பார்த்து கேபிள் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு.

மலைக்குப் போகிறவர்கள் ஏற்றத்தையும் கணக்கில் சேருங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். குடும்பமும் கூடாரமும் ஏற்றிய லீஃப் 1,800 கிலோ என்றால், அந்தப் பாரத்தை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டுமே 9 யூனிட் போகும், தூரத்துக்கான செலவு தனி. 24 யூனிட் பழைய லீஃபில், அதுவும் தேய்ந்த பற்றரியில், ஹட்டன் தாண்டும்போது முகம் வெளிறுவது இதனால்தான்.

மலையிறங்கும்போது பிரேக் வித்தியாசமாக இருக்கிறது

கேம்பில் 100 வரை ஏற்றிவிட்டு நுவரெலியாவிலிருந்து நேரே இறங்கினீர்களா? நிறைந்த பற்றரி, இறக்கத்தில் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்காது. காலை எடுத்ததும் கார் தானாக வேகம் குறைக்கும் அந்த இழுப்பு இல்லாமல் போய், பாரம் முழுக்க இரும்புப் பிரேக்கில் விழும். கொத்மலை வளைவுகளில் பிரேக் சூடேறுவது நல்லதல்ல. மலையில் 85, 90 சதவீதத்தில் நிறுத்துங்கள். மிச்சத்தை இறக்கமே இலவசமாக ஏற்றித்தரும்.

காலையில் பார்த்தால் பிளக் கழன்று கிடக்கிறது

மெனேஜர் கழற்றியிருப்பார். கார் சார்ஜ் என்றால் ஒரு மாதக் கரண்ட் பில் ஒரே இரவில் போய்விடும் என்ற பயம் அவருக்கு. யூனிட் கணக்கைக் காட்டினால் அந்தப் பயம் போகும். பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் போடும் சின்ன யூனிட் மீற்றர் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அது 13 அம்பியரை நெடுநேரம் தாங்கும் தரமானதாக இருக்கட்டும். யூனிட்டுக்கு அவர் கட்டும் விலையைவிடக் கொஞ்சம் கூடவே கொடுங்கள். ஹோட்டல் கட்டணத்தில் ஓடும் இடமும் வீட்டுக் கட்டணத்தில் ஓடும் இடமும் ஒன்றல்ல. வீட்டு மீற்றரென்றால் யூனிட் கூடக் கூட விலை மேல்தட்டுக்கு ஏறும், ஆகவே அவர் கேட்பது அநியாயமாகத் தெரிந்தாலும் அநியாயமாக இல்லாமல் இருக்கலாம்.

இதையெல்லாம் வெள்ளிக்கிழமை இரவு போய்ப் பேசாமல், புக் பண்ணும்போதே வட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள். நான் அனுப்புவது இப்படி:

"அண்ணன், வணக்கம். எங்கட கார் கரண்ட்ல ஓடுறது. கார் நிப்பாட்டுற இடத்துக்குக் கிட்ட சதுரப் பிளக் இருக்கா? ட்ரிப் சுவிட்ச் போர்டையும் அந்தப் பிளக்கையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்ப ஏலுமா? லைன் கரண்டா, சோலாரா? ராவைக்கு ஒரு பதினெட்டு யூனிட் எடுப்பம், காசு தனியாத் தாறம்."

போட்டோ வந்தால் அதிலேயே பாதி தெரிந்துவிடும். பிளக் பொயின்டைச் சுற்றிப் பழுப்புக் கறை, சுவரில் நீர் வடிந்த தடம், அகலமான ட்ரிப் சுவிட்ச் இல்லாத போர்டு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அங்கே சார்ஜ் போட நினைக்காமல் வழியில் ஏற்றிக்கொண்டு போங்கள். போட்டோ அனுப்ப மறுக்கும் இடத்திலும் அப்படியே.

கேபிள் காரிலிருந்து வரவில்லை

புதிய கார்களில் கேபிளைக் கார் பூட்டிக்கொள்ளும். இழுக்காதீர்கள். காரை ஒருமுறை பூட்டி மறுபடி திறந்தால் பூட்டுப் பின்வாங்கும்; கைபிடியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டு திறந்தால் சுலபம். அப்படியும் வரவில்லை என்றால் பெரும்பாலான கார்களில் பொனட்டுக்குள்ளோ டிக்கிக்குள்ளோ கையால் இழுத்துத் திறக்கும் வளையமோ கயிறோ இருக்கும். அது எங்கே என்று காரின் கைநூலில் பார்த்துப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேம்பில் நெட்வேர்க் இருக்காது.